ஐஸ் பேக்டரிக்குக் கேட்ட ஓட்டு

என் தம்பி பொண்டாட்டி எர்லீன் பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தினவ. ஆனா போனைக் கையில எடுத்தா வாஷிங்டன்ல இருக்கிறவன்கூட எந்திரிச்சு நின்னு பேசுவான். வாய்னா அப்படி ஒரு வாய். அந்த வாயாலதான் எங்க ஊர் ஐஸ் பேக்டரி திரும்ப வந்துது. ஊர்ல எல்லாரும் அதைச் சொல்லுவாங்க. ஓட்டு நடந்த அன்னைக்கு அவ வீட்டு அடுப்படியில நடந்ததைச் சொல்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய புயல்ல படகுத்துறையில இருந்த ஐஸ் பேக்டரி சுவரோட போயிடுச்சு. ஐஸ் இல்லாம இறால் பிடிச்சு யாருக்கு என்ன லாபம்? கரை சேர்றதுக்குள்ள நாறிடும். தூரத்து ஊர்ல ஏத்திக்கிட்டு வந்தா டீசலுக்கே கட்டாது. தம்பி அல்சீட் போட்டைக் கட்டிப் போட்டான். சோபாவுல உக்காந்து சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தான். சிரிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு அவனை அறையலாம் போல வரும், அப்புறம் அழுகையா வரும்.

எர்லீன் உக்காரல. ஐஸ் பேக்டரியைத் திரும்பக் கட்டப் பணம் ஒதுக்குற மசோதாவுக்கு ஆமா போடச் சொல்லி, எங்க தொகுதி எம்.பி. கோல்மன் ஆபீஸுக்கு நாள் தவறாம போன் போட்டா. ஊர்ப் பொம்பளைங்களையும் போட வெச்சா. அங்க போன் எடுக்கிற பொண்ணுக்கு நம்ம கண்ணீர்க் கதையெல்லாம் வேண்டாம். மசோதா நம்பர், ஆமாவா இல்லையா, பேரு, பின்கோடு. அவ்வளவுதான் குறிச்சுக்குவா. அதைப் புரிஞ்சுக்கிட்டு எர்லீன் எங்களுக்குக் கிளாஸே எடுத்தா.

"அண்ணி, நீங்க போன்ல கெட்ட வார்த்தை பேசுறீங்களாம்."

"கூரை பறந்தவ கொஞ்சுவாளா?"

"நம்பரைச் சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க, வெச்சிடுங்க. கதை சொன்னா கணக்குல வராது."

அந்த மார்ச் மாசம் ஆபீஸ் பொண்ணே கூப்பிட்டுச்சு. ஐஸ் பேக்டரிப் பணம் வேற மசோதாவுக்கு மாறியிருக்கு, வியாழக்கிழமை ஓட்டு, இதுதான் புது நம்பர்னு. எர்லீனுக்குத் தலைகால் புரியல. அது என்ன மசோதான்னு அவ கேக்கல, நானும் கேக்கல. சாயங்காலத்துக்குள்ள ஊரே போன் போட்டு முடிச்சிருச்சு. போட்டுக்கு டீசல் போடுற என் கடையில, நான் ஒரு கையில பம்பைப் பிடிச்சுக்கிட்டே "ஆமா" சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில அவ வீட்டுக்கு ரொட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். அவ மகன் ரெமி பட்டாளத்துலேருந்து லீவுல வந்திருந்தான். ரெண்டு தடவை இராக்குக்குப் போய் வந்தவன், மூணாவது தடவைக்கு உத்தரவு வந்திருந்துது. கதவு வேகமாச் சாத்தினாலே துள்ளி எந்திரிச்சான், பிள்ளை. இனி ஒரு டாலர்கூட இந்தப் போருக்குத் தரமாட்டேன்னு சர்ச் வாசல்ல நின்னு சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் எர்லீன் அந்தக் கோல்மனுக்கு ஓட்டே போட்டா. இப்ப மகனுக்காக கம்போக் குழம்பு கொதிக்க வெச்சிருந்தா. டி.வி. ஓடிக்கிட்டிருந்துது.

டி.வி.யில கோல்மன் வந்தாரு. நல்லா ஷேவ் பண்ணி, டை கட்டி. "நான் போருக்கு எதிரானவன். ஆனா என் மக்கள் போன் மேல போன் போட்டு, இந்தப் போர்ச் செலவு மசோதாவுக்கு ஆமா போடச் சொல்லிட்டாங்க. அவங்க பேச்சைத் தட்ட நான் யாரு?"

கீழே மசோதா நம்பர் ஓடுச்சு. எர்லீன் அதையே பாத்தா. கையில இருந்த கரண்டி தரையில விழுந்துது.

"அண்ணி, அது நம்ம நம்பர்."

பாவி மனுஷன்! அப்புறம்தான் தெரிஞ்சுது, ஓட்டுக்கு ஆள் குறையுதுன்னு கட்சியில மேல இருக்கிறவங்க அவரைக் கூப்பிட்டு, உன் தொகுதிக்கு என்ன வேணும்னு கேட்டிருக்காங்க. ஐஸ் பேக்டரின்னு இவரு சொல்லியிருக்காரு. பழியை மட்டும் எங்க தலையில கட்டிட்டாரு.

எர்லீன் ஆபீஸுக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுது.

"நாங்க கேட்டது ஐஸ்தாம்மா! சண்டையில்ல!"

"ரெண்டும் ஒரே மசோதாதான், மேடம். இழுபறியா இருக்கு. உங்க ஊர்லேருந்து ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்லல."

"நான் சொல்றேன். இல்ல! எழுதிக்கோ."

"உங்க ஒருத்தரோடதை மாத்திடறேன், மேடம்."

ஒருத்தரோடது! ஊரையே திருப்பணும். ஓட்டுக்கு மதியம்வரைக்கும்தான் நேரம். அவ வீட்டுப் போன்ல, நான் என் கைப்போன்ல, ஆளுக்கொரு மூலையில நின்னு கூப்பிட்டோம். என் கடை ஓடுறதே போட்டு ஓடினாத்தான். இருந்தாலும் ரெமி நான் இடுப்புல தூக்கின பிள்ளை. முதல்ல என்னோடதை மாத்தினேன்.

நாலு பேர் சரின்னாங்க. அப்புறம் ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டு மாவிஸ் சொன்னா: "எர்லீன், உனக்குச் சம்பளத்துல இருக்கிற மகன் இருக்கான். என் வீட்டுல நாலு பேரும் போட்டை நம்பித்தான் இருக்கோம். நீ சொல்லித்தானே ஆமான்னு சொன்னேன்?"

"அவனை மறுபடி அனுப்புறாங்கடி!"

"என் புருஷனும் தினம் குடிச்சே சாகுறான். அதுக்கு யார் கிட்ட போன் போடுறது?"

வெச்சிட்டா. அவ மேல எனக்குக் கோபம் வரல. அதுதான் இன்னும் எரிச்சலா இருந்துது. கம்போ அடிபிடிச்சு வீடெல்லாம் புகை. அடுப்பை அணைக்கக்கூட யாருக்கும் தோணல. அல்சீட்டைக் கூப்பிட்டுப் பாத்தோம், கிடைக்கல. ஓட்டு நடக்கிற நாள்னு, காலையிலேயே எல்லா ஆம்பளைங்களோடயும் துறைக்குப் போயிட்டான். புயலுக்கப்புறம் அங்க சிக்னலே கிடையாது.

எர்லீன் மறுபடி ஆபீஸுக்குப் போட்டா. "எத்தனை மாறியிருக்கு? சொல்லும்மா, புண்ணியமாப் போகும்."

அந்தப் பொண்ணு குரலைத் தாழ்த்திச் சொன்னா: "மேடம், உங்க மகன்னு சொல்லி இப்ப ஒரு கால் வந்துது. ரெமி நாக்கன். ஆமான்னு சொன்னாரு."

நாங்க ரெண்டு பேரும் பின்வாசலைப் பாத்தோம். ரெமி படியில உக்காந்திருந்தான், கையில அவனோட கைப்போன்.

"ஏன்டா?" அவ கத்தல.

"உத்தரவு வந்தாச்சும்மா. அவங்க பணம் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் செவ்வாய்க்கிழமை நான் பிளேன் ஏறியாகணும்."

"பணம் இல்லேன்னா எப்படிடா அனுப்புவாங்க?"

"அனுப்புவாங்க. குண்டு தாங்காத ஓட்டை வண்டியில அனுப்புவாங்க." அவன் தலையைத் தூக்கவே இல்ல. "நான் போறது போறதுதான். அப்பா அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறதை நினைச்சுக்கிட்டு அங்க என்னால இருக்க முடியலம்மா. போட்டாவது ஓடட்டும்."

"உன்னை வித்து ஐஸ் வாங்கணுமாடா எனக்கு?"

ஓங்கி ஒரு அறை விட்டா. பட்டாளத்துக்காரன், கன்னத்தைக்கூடத் தடவல. அப்புறம் அவன் தலையை வயித்தோட சேத்துக் கட்டிக்கிட்டு விம்மினா. நான் டி.வி. முன்னால நின்னுக்கிட்டிருந்தேன். எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்துது. கோல்மன் பேருக்கு நேரா "ஆமா"ன்னு விழுந்துது. ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல மசோதா பாஸ்.

யாரோ காரை எடுத்துக்கிட்டுத் துறைக்குப் போய்ச் சொல்லியிருக்கணும். முதல்ல ஒரு போட்டு ஹாரன் அடிச்சுது. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் கட்டிக்கிடந்த அத்தனை போட்டும் ஒண்ணா அலற ஆரம்பிச்சுது. ரெமி காதைப் பொத்திக்கிட்டுச் சுருண்டான். எர்லீனால அதைத் தாங்க முடியல. துறைக்கு எதிர்க்கரையை நோக்கி ஓடினா, நான் மூச்சு வாங்கிக்கிட்டே பின்னால. ரெண்டு கையையும் தலைக்கு மேல வீசி, "நிறுத்துங்கடா! நிறுத்துங்கடா, பாவிகளா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினா.

அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? தண்ணிக்கு அந்தப் பக்கம் ஆம்பளைங்கல்லாம் அவளைப் பாத்துட்டாங்க. தொப்பியைக் கழட்டி ஆட்டினாங்க, விசில் அடிச்சாங்க. என் தம்பி போட்டுக் கூரை மேல ஏறி நின்னுக்கிட்டிருந்தான். அது எந்த மசோதான்னு அவனுக்கு அப்ப வரைக்கும் தெரியாது. வாயெல்லாம் பல்லாச் சிரிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் குவிச்சு வெச்சுக் கத்தினான்.

"எர்லீன்! எல்லாம் உன்னாலதான்டி!"

ரெமி மெதுவா வந்து அம்மா பக்கத்துல நின்னான். அவ தோள்ல ஒரு கையைப் போட்டுக்கிட்டு, இன்னொரு கையைத் தூக்கி அப்பாவுக்கு ஆட்டினான்.