முன் இருக்கைக்கு ஓர் எலுமிச்சம்பழம்

கொல்லிமலையில் ஒரு மருத்துவமனையில் நான் எச்.ஐ.வி. ஆலோசகர். என் வேலை என்னவென்று மலை முழுக்கத் தெரியும். அதனால் வெளியில் யாரைப் பார்த்தாலும் நானாகப் பேச மாட்டேன். பேசினால் அவர்களையும் ஊர் சந்தேகப்படும்.

மலையில் வாழவந்தி நாடு என்ற பகுதியைச் சேர்ந்த பெண் ஒருத்திக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது. மாத்திரைக்கு மாதாமாதம் நாமக்கல் போக வேண்டும். தனியே போகப் பயந்தாள். ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால், நான் கடைசி இருக்கையில். வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். நான் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, "அந்தப் புள்ளைக்குக் குடுங்க" என்பேன். நாலைந்து கை மாறி அவளிடம் போய்ச் சேரும். திரும்பிப் பார்க்காமல் முகர்ந்துகொண்டே வருவாள்.

மாத்திரையை மலையிலேயே கொடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டேன். ஒருவழியாகக் கொடுத்தார்கள். எங்கள் பஸ் பயணமும் அதோடு நின்றது. நல்லதுதான். ஆனாலும் எலுமிச்சம்பழம் இல்லாமல் இன்றும் நான் பஸ் ஏறுவதில்லை.

பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று கடைசிப் பரிசோதனையில் உறுதியான அன்று, அறைக் கதவைச் சாத்திவிட்டு, "தூக்குங்கக்கா, இங்கதான முடியும்" என்று என் மடியில் வைத்தாள்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளை ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தது. தூக்கச் சொல்லி என் கை பரபரத்தது.

"உடு கண்ணு, அவங்க யாரோ எவரோ" என்று இழுத்துப் போனாள்.

அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். முந்தானையின் கசங்கலை வீடு வரும்வரை நீவிவிடவில்லை.