கண்ணில் விட்ட சொட்டு

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலம் வந்தாலே எனக்கு எரிச்சல்தான். வெட்டிய தேயிலைக் குச்சி தெறித்துக் கண்ணில் பட்டவர்கள் நேராக என்னிடம் வரமாட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டு, கருவிழியில் சீழ் பிடித்த பிறகுதான் வருவார்கள்.

ஒருநாள் வந்த தொழிலாளியும் அப்படித்தான். ஐந்து நாள் பால் விட்டிருந்தார். வாய் வலிக்கத் திட்டினேன். போரிக் நீரால் கண்ணைக் கழுவி, கண்மணியை விரிக்கும் அத்ரோப்பின் சொட்டை விட்டேன். குப்பியைக் கையில் கொடுத்து, தினம் மூன்று வேளை விடச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். நானே லயத்துக்குப் போனேன். குப்பி குறையாமல் அப்படியே இருந்தது. கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது.

"ஏன்யா மருந்த விடல?" என்று கத்தினேன்.

"நீங்க விட்டதுமே இருந்த பார்வையும் மங்கிப்போச்சுங்க. கண்ணே போயிடும்னு பயந்து மறுபடி பாலத்தான் விட்டேன். மங்கும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே, ஐயா."

அந்தச் சொட்டு விட்டால் பார்வை சில நாள் மங்கும் என்பது எனக்குத் தெரியும். பாலைத் திட்டிய வேகத்தில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.