சி டிரைவில் விட்டுவந்த பெயர்கள்

தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது இது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி, முதுகலை நிர்வாகவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்துக்குள் கம்ப்யூட்டர் வரும்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் புராஜெக்ட். அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். நோயாளிகளின் பதிவுகளை அதில் ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். அங்கே போய்ப் பதினான்கு பேரிடம் பேசினேன். ஒவ்வொருவரிடமும், "உங்க பேரு எங்கயும் வராது, தைரியமாச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

ரெக்கார்டு அறையில் இருந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவர். எந்த நோயாளியின் சீட்டைக் கேட்டாலும் நொடியில் உருவித் தருவார். முதலில் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது தடவை போனபோது கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நாலு வருசமா வலது கண்ணுல புகை மூட்டமா இருக்கு பிள்ள. இப்ப இடது கண்ணும் மங்குது. எந்தச் சீட்டு எங்கன இருக்குன்னு என் கைக்குத் தெரியும், அதான் ஓட்டுதேன். அந்தப் பெட்டி வந்துட்டா கைக்கு என்ன தெரியும்? யாருகிட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ."

வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். எனக்கு மனசு கனத்துப்போனது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். புராஜெக்டுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது என்றும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

காலேஜ் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் காத்திருப்போம். அதனால் மருத்துவமனை மேலாளரே, "இங்கனயே இருந்து அடிச்சுக்கோங்கம்மா" என்று இடம் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்தேன். யார் சொன்னது எது என்று எனக்கே குழம்பிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றுக்கும் மேலே பெயரையும் போட்டேன். பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை லேபில் என் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி சாதாரணமாகத்தான் கேட்டாள். "அங்க சி டிரைவ்ல இருந்து அழிச்சுட்டுத்தான வந்த?"

அழிக்கவில்லை. அங்கேயே சேமித்து, அதைத்தான் பிளாப்பிக்கு நகல் எடுத்திருந்தேன். மேலாளரைப் பற்றி வார்டு ஊழியர்கள் திட்டியது, அக்காவின் கண், பதினான்கு பெயர்கள், எல்லாம் மேலாளர் அறைக்குப் பக்கத்து அறையிலேயே மூன்று நாளாகக் கிடக்கிறது. போன் பண்ணலாம் என்று பூத் வரை ஓடினேன். அந்த மருத்துவமனையில் போன் இருப்பதே மேலாளர் மேஜையில்தான். எடுத்து என்ன சொல்வது?

திருநெல்வேலி ஜங்ஷனில் பாபநாசம் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு ரயில்வே கேட்டில் நின்றது பாருங்கள், ரயில் வருகிற வழியாக இல்லை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெல் மூட்டையும் கூடையும் ஏறி இறங்கின. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலாளர் அந்தப் பைலைத் திறப்பது போலவும், மணியடித்து அக்காவைக் கூப்பிடுவது போலவும் நினைத்து நினைத்து வியர்த்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

வாசலிலேயே மேலாளர் பார்த்துவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்கம்மா, உங்க ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. ரெக்கார்டு ரூம் அம்மாதான் ரொம்பப் பயப்படுவாங்கன்னு நெனச்சேன். செவ்வாக்கிழமை பயிற்சி ஆரம்பிச்சதுல இருந்து மெஷினை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்காவ! சாப்பிடக்கூடப் போகல, ராத்திரி ரூமைப் பூட்டுற வரைக்கும் இருக்காவ. நான் உக்காரலாம்னு போனா, என் பாடம் முடியல சார்ங்காவ. இன்னைக்குச் சாயங்காலமாவது அவுகள எழுப்பிட்டு, உள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணாத் திறந்து பாக்கணும். நாளைக்குப் பெரிய டாக்டர் கேப்பாரு."

நான் தலையை ஆட்டிவிட்டு அந்த அறைக்குள் போனேன். அக்கா திரையோடு முகத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"சொல்லிக் குடுக்க வந்த ஆளு எழுத்தைப் பெருசாக்குறது எப்படின்னு காட்டுனாரு. ஏதாவது ஒண்ணைத் தெறந்து செஞ்சு பாருங்கன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனாரு. நான் தெறந்தது உன்னுதை. எழுத்து பெருசாப் பெருசா, என் பேரு. அதுக்குக் கீழ என் கண்ணு. மூடத் தெரிஞ்சது, அழிக்கத் தெரியல. யாருகிட்டயும் கேக்கவும் முடியாதுல்லா. அதான் எந்திரிக்கல."

அவர் பெயர் மட்டுமில்லை, மற்ற பதின்மூன்று பேரின் பெயரையும் பார்த்திருக்கிறார். "அந்தப் பிள்ளைக மேனேஜர் சார்வாளைப் பத்தி என்னத்தையெல்லாம் சொல்லியிருக்கு" என்றார். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் அந்த நாற்காலியைக் காவல் காத்திருக்கிறார்.

உட்கார்ந்து அந்தப் பைலை அழித்தேன்.

"போயிட்டா?"

"இல்லக்கா. அழிச்சது இன்னொரு இடத்துல போய்க் கிடக்கும். அதையும் எடுக்கணும்."

"அழிச்சாலும் கிடக்குமா?" என்று என்னையே பார்த்தார். இரண்டு வருடம் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி வரவில்லை.

அதையும் எடுத்தேன். அவர் முன்னாலேயே பிளாப்பியையும் போட்டு, பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டேன். அவர் பகுதிக்கு வந்தபோது, பெயர் இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்குப் புராஜெக்ட்!

"ரெக்கார்டு ரூம்ல நான் ஒருத்திதான இருக்கேன், பேரு எதுக்கு?" என்றார் பைய. அந்தப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில், ரெக்கார்டு அறையைப் பற்றி எழுதியதில் சத்தே இல்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள்.

நாலைந்து மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் ஒரு மாதிரி வேலை ஓடுகிறது என்ற தைரியத்தில் அவரே போய் மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டரே திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். வேலை போகவில்லை. அதில் என் பங்கு என்று சொல்ல எதுவும் இல்லை. எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பதை அவர் தீர்மானித்தார். அதைத்தான் நான் அவரிடமிருந்து பறிக்கப் பார்த்தேன்.

இன்று என் வேலையே பல்லாயிரம் பேரின் விவரங்களோடுதான். திரையில் ஒரு பெயர் வரும்போதெல்லாம், அதற்குரியவர் அடுத்த அறையில் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற பயம் எனக்கு வந்துவிடுகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.