பெஞ்சை அறுத்தவன்

ரூசே நகரில், எங்கள் அடுக்குமாடிக்கும் சந்தைக்கும் பாதி வழியில் ஒரு மரப்பெஞ்சு இருந்தது. அதை ரம்பத்தால் அறுத்தெறிந்த மாவீரன் நான்தான்.

அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. முழங்கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. குடியிருப்பு நிர்வாகி என்ற பதவி வேறு. எதிர்வீட்டுக் கீனாவும் அவள் கூட்டாளிகளும் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி, போகிற வருகிறவர்களின் பைகளை எடைபோடுவார்கள். என் பையில் பெரும்பாலும் புட்டிதான். ‘சுத்தம்’ என்று காரணம் எழுதித் தீர்மானம் போட்டேன்.

இப்போது எழுபத்திரண்டு. தினமும் நடக்காவிட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார் டாக்டர். பாதி வழியில் உட்கார்ந்தால்தான் மீதி வழிக்கு எனக்கு மூச்சு இருக்கும். ஒருநாள் பூப்பாத்தி விளிம்பில் உட்கார்ந்தேன். தூக்கி நிறுத்தத் தபால்காரர் வரவேண்டியதாயிற்று. வெட்கப்பட்டு மூன்று வாரம் வீட்டிலேயே கிடந்தேன். கால் இன்னும் மோசமானது.

கீனா கதவைத் தட்டினாள்.

“வெலிச்கோ, இருக்கியா? வாசக்கதவுல உன் சாவு நோட்டீஸ ஒட்டிட்டாங்களான்னு தினம் பாத்துட்டுப் போறேன்.”

“ஏமாந்துட்டியா?”

“பின்ன? சாவு வீட்டுல அவிச்சுக் குடுக்கற இனிப்புக் கோதும கெடைக்கும்னு இருந்தேன்.”

“கால் வரமாட்டேங்குது கீனா. வழியில உக்கார எடமில்ல.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பெஞ்சு போன மறுவருஷமே தோதோர்கா கீழ எறங்கறத நிறுத்திட்டா. அவளுக்கும் கால்தான்.”

பெஞ்சில் கீனாவோடு உட்கார்ந்து வம்பளந்த முதல் மாடித் தோதோர்காவின் வாய் அடங்கியதை என் நிர்வாகச் சாதனை என்றல்லவா பன்னிரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தேன்!

மறுநாளே கூட்டம் கூட்டச் சொன்னேன். பழைய தீர்மானத்தை எல்லார் முன்பும் படித்து, என் கையெழுத்தை நானே அடித்தேன். “இன்னொரு தரம் படிங்க அண்ணே, காது கேக்கல” என்றார்கள் பின்வரிசையில். படித்தேன்.

புதுப்பெஞ்சு வந்த காலையில் தோதோர்காவின் கதவைத் தட்டினேன்.

“அக்கா, பெஞ்சு போட்டாச்சு. வாங்க.”

“அறுத்தவனே வந்து கூப்பிடறியா?”

“ஆமா. கையப் புடிச்சுக்குங்க.”

என் காலை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு யாரப் புடிக்கறது?”

படிகள் பதினெட்டு. பத்து நிமிடம் எடுத்துக்கொண்டோம். பெஞ்சு வரை வழியெல்லாம் அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில்கூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.