ஈப்போ வரைக்கும்

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் வேலாயுதத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மலாக்காவுக்கும் தம்பினுக்கும் பல வருஷம் பஸ் ஓட்டியவர். ஜப்பான்காரன் மலாக்காத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு, ரயிலேற வேண்டியவர்கள் எல்லாரும் தம்பினுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊரையே ரயிலடியில் கொண்டு சேர்த்த மனிதர், தன் மகளைப் பார்க்கப் போக முடியாமல் கிடந்தார்.

அலோர் காஜா தாண்டி, கொட்டும் மழையில், பஸ்ஸின் பின்டயர் வெடித்த நாளில் வந்த வினை அது. மாற்று டயரைத் தூக்கியபோது இடுப்பில் ஏதோ அறுந்தது போலிருந்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தார். நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பில் கிளம்பும் வலி இடது காலின் பின்பக்கமாகவே இறங்கிக் கணுக்காலில் போய் நிற்கும். கம்பெனி அவரைப் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்க வைத்தது. நின்றுகொண்டே கொடுத்தார்.

ஒரே மகள் கோகிலா வாழ்க்கைப்பட்டது வடக்கே, சுங்கை பட்டாணியில். மருமகன் கலியாணசுந்தரம் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவனுடைய தாயார் பாரிசவாயுவில் விழுந்துவிட்டாள். அந்த அம்மாவைப் போட்டுவிட்டுக் கோகிலாவால் தாய்வீடு வர முடியவில்லை. பேறுகாலத்துக்கு வேலாயுதத்தின் மனைவி பொன்னம்மா மட்டும் போய்வந்தாள்.

“பேரனுக்குக் காது மட்டும் அப்படியே உங்களுதுங்க. கீழே ஒட்டியிருக்குமே, அதே மாதிரி” என்றாள் வந்ததும்.

அன்று முகம் மழிக்கும்போது வேலாயுதம் கண்ணாடியில் தம் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். சோப்பு முகத்தில் காய்ந்துபோயிற்று.

தம்பினுக்கு டிக்கெட் வாங்க வருகிறவர்களிடம், “வடக்கேயா?” என்று கேட்பார். “ஆமா” என்றால் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்தது. மலாக்கா முழுக்கக் கொடியும் விளக்கும். சனம் லாரி பிடித்துக் கோலாலம்பூருக்குப் போய்வந்து கதை கதையாகச் சொன்னது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுடன் சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னார்:

“தீபாவளிக்குக் கோகிலா வீட்டுக்குப் போறோம்.”

பொன்னம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?”

“இடுப்பு இல்லாம எப்படிப் போறது?”

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த மாணிக்கவாசகத்திடம் போய் வழி கேட்டார். “வலி வந்தப்புறம் எழும்பாதீங்கண்ணே, வலி வர்றதுக்கு முன்னாடியே எழும்பிடுங்க. ரெண்டு ஸ்டேஷனுக்கு ஒருவாட்டி எழும்பி ரயில்லேயே நடங்க. துண்டைச் சுருட்டி முதுகுக்கு அண்டை கொடுங்க. மூட்டை முடிச்சு எதையும் தொடாதீங்க. ஒரே ஓட்டமா மட்டும் போயிடாதீங்க, கோலாலம்பூர்ல ஒரு ராத்திரி படுத்துட்டுப் போங்க” என்றார் அவர்.

பக்கத்துத் தெருச் சிட்டி சமூகத்துத் தம்பிராஜாவும் சேதி கேட்டு வந்துவிட்டார். எப்போதோ வந்து மலாய்க்காரரோடு கலந்துபோன தமிழ் வம்சம்; சாமி ஒன்றானாலும் அவர் வீட்டுப் பேச்சு மலாய்தான். கையில் ஒரு நீளத் துணி. பிரசவித்த பெண்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பெங்கோங். “ஈக்காட் குவாட்-குவாட்!” என்று அவரே இழுத்து இறுக்கிக் கட்டிக் காட்டினார்.

“பிள்ளை பெத்தவ கட்டுறதை நான் கட்டணுமாம்” என்று வேலாயுதம் மனைவியிடம் முனகினார். ஆனால் கட்டியதும் இடுப்பை யாரோ இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தது போலிருந்தது. சட்டைக்குள் அது தெரியாதபடி பார்த்துக்கொண்டார்.

தம்பின் வரை பஸ்ஸில் நின்றே போனார். எந்த வளைவில் குலுங்கும், எந்தப் பாலத்தில் தூக்கிப்போடும் என்று தெரியும். முன்கூட்டியே முழங்காலைத் தளர்த்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் கொஞ்சம் உட்கார்ந்தார், எழுந்தார், நடந்தார். கோலாலம்பூரில், செந்தூலில் இருந்த பொன்னம்மாவின் தம்பி நடராஜன் வீட்டில், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தரையில் படுத்தார். காலையில் எழுந்தபோது வலி இல்லை. “பாத்தியா?” என்று மனைவியிடம் குழந்தைபோல் சிரித்தார்.

மறுநாள் ரயிலில் தீபாவளிக் கூட்டம். நடைபாதை முழுக்க மூட்டை, பலகாரத் தகரம், மூட்டைமேல் ஆட்கள். எழுந்தால் நிற்கக்கூட இடமில்லை. தஞ்சோங் மாலிம் வரை பொறுத்தார். அதற்குப் பிறகு கால் மரத்தது, பின் எரிந்தது. நெற்றியில் வியர்வை கொட்ட, முன்பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பாதி வழியில், ஈப்போவில், பொன்னம்மா சொன்னாள்: “இறங்கிடுவோம்ங்க.”

“இன்னும் கொஞ்சந்தான், பொன்னு.”

“கொஞ்சமா? போய்ச் சேர அந்தியாயிடும்ங்க, எறங்குங்க.”

இரண்டு பேர் தாங்கித்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சியில் ஒருக்களித்துப் படுத்தபடியே அவர் வடக்கே போகும் ரயிலைப் பார்த்தார். கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைந்த பிறகும் தலையைத் திருப்பவில்லை.

பொன்னம்மா மகளுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் அருகே ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் அறை எடுத்தாள். தீபாவளி அங்கேயே விடிந்தது. கீழே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. வேலாயுதம் பாயில் கிடந்து ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் படியில் காலடி கேட்டது. கோகிலா நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. மாமியாரைப் புருஷனிடம் விட்டுவிட்டு முதல் ரயில் பிடித்திருந்தாள்.

“ஏம்ப்பா இப்படி? நடுவழியில படுத்துக்கிட்டு...” என்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வேலாயுதம் இரண்டு கையையும் நீட்டினார். தூக்க முடியாது என்பது நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. கோகிலா பிள்ளையை அவர் மார்பின்மேல் உட்கார வைத்தாள். அவன் தாத்தாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அவர் விரலால் அவன் காது மடலைத் தொட்டார். கீழே ஒட்டித்தான் இருந்தது.

“உங்க வீட்டு ஜன்னல்ல மலை தெரியுமாமே?” என்று கேட்டார்.

“அடுப்படி ஜன்னல்லப்பா. ஜெராய் மலை. மழை வர்றதுக்கு முன்னாடி மேகம் வந்து மூடிக்கும்.”

“வாசல் எந்தப் பக்கம்?”

அவள் சொன்னாள். கிணறு, கோழிக்கூடு, பள்ளிக்கூடத்து மணி கேட்கும் தூரம் எல்லாம் கேட்டார். அவளும் சலிக்காமல் சொன்னாள். மறுநாள் காலை அவள் வடக்கே போனாள்.

அதற்குப் பின் வருஷம் ஒருமுறை அவர் ஈப்போவுக்குப் போனார். பண்டிகைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, வாரக் கடைசியைத் தவிர்த்து, செந்தூலில் படுத்தெழுந்து. அந்த வலியோடு எப்படிப் பயணம் போவது என்று கற்றுக்கொண்டுவிட்டார். மகளும் பேரனும் அங்கே வருவார்கள். ஒரு முறை அதற்கும் வடக்கே தைப்பிங் வரை முயன்றுபார்த்துப் பாதியிலேயே திரும்பினார். சுங்கை பட்டாணியை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

ஆனாலும் மலாக்காவில் யாராவது வடக்கே போவதாகச் சொன்னால், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார்: “என் மக வீடு அந்தப் பக்கந்தான். அடுப்படியில நின்னா மலை தெரியும்.”