வேலிக்கு அப்பால் கொய்யா

ராமாத்தாளின் காலை அழுகலில்தான் தொடங்கும். கோவிந்தாபுரத்துத் தன் மாந்தோப்பில் உதிர்ந்து கிடப்பதையெல்லாம் குனிந்து பொறுக்குவாள். மேலே பார்த்தால் நல்ல பழம். எடுத்தால் விரல் உள்ளே போய்விடும். கூழான சதையில் வெள்ளைப் புழுக்கள் நெளியும். சில வில்லாய் வளைந்து அவள் முழங்கையில் தெறிக்கும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து மணமாகி வந்த புதிதில் இதைக் கண்டு வாந்தி எடுத்தவள், இப்போது சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுக்கிறாள். மாம்பழம் மட்டும் தின்பதில்லை.

பொறுக்கியதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுவாள். தரையில் விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி, பழுப்பு நெல்மணிபோலக் கூடாகி, ஈயாக எழுந்துவந்து மறுபடி காயைக் குத்தி முட்டை வைக்கும்.

இவ்வளவு செய்தும், மரங்களில் கட்டித் தொங்கவிட்ட பொறியில் விழும் ஈ குறையவில்லை. வேலிக்கு அப்பால் சம்பந்தி பிச்சைமணியின் கொய்யா மரங்கள். மாங்காய் இல்லாத மாதங்களில் ஈக்கள் அங்கே பெருகின. உதிர்ந்ததை அவர் அள்ளுவதே இல்லை. மரத்தடியே சீழ் பிடித்தாற்போல் கிடக்கும். ராமாத்தாளின் மகள் தமிழ்ப்ரியா வாழ்வது அந்த வீட்டில். பெண் கொடுத்த இடத்தில் போய்ப் புழுப் பேச்சா என்று கணவர் கருப்புசாமி அவளை அடக்கியே வைத்திருந்தார்.

இந்தச் சித்திரையில் வியாபாரி ஒரு காயை அறுத்துப் பார்த்துவிட்டு, காறித் துப்பி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அடுத்த வருடமும் இப்படியென்றால் தோப்பு மிஞ்சாது. ராமாத்தாள் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினாள். தமிழ்ப்ரியாவோடு படித்து, வேலைக்கு வெளியூர் போய் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த நான், அவளைப் பார்க்கலாமென்று கூடவே போனேன்.

பிச்சைமணி கொய்யாவை நறுக்கி, மிளகாய்த்தூள் தூவி நீட்டினார். தூள் அசைந்தது. எந்தெந்த ஊரிலோ என்னென்னவோ தின்றவளான நானே நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"சாப்புடுங்க சம்பந்தி. பழத்துல பொறந்ததும் பழந்தானுங்க," என்று சிரித்தார்.

"ஈ வெச்ச முட்டையில பொறந்ததுங்க," என்றாள் ராமாத்தாள். "உங்க மரத்தடியில அழுகறதுதான் ஈயா எந்திரிச்சு எங்க தோப்பத் திங்குது. இத நான் தொட மாட்டனுங்க."

அவர் தட்டை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக மென்று முழுங்கினார்.

"இந்தப் புழுத்த ஊட்டுக்குத்தானுங்களே பொண்ணக் குடுத்தீங்க."

பெண்ணும் மாப்பிள்ளையும் தாய்வீட்டு விருந்துக்கு வரும் ஆடி நோம்பிக்கு இருவரையும் பிச்சைமணி அனுப்பவில்லை. ஆனால் அன்று காலை தமிழ்ப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டு கொய்யா மரத்தடியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மாமனார் ஏவினாரா, அவளாகவே இறங்கினாளா, தெரியவில்லை. வேலியோரம் அம்மா நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

இனி ஈ குறையுமா என்று ராமாத்தாளிடம் கேட்டேன்.

"கொறையும் கண்ணு. புள்ள வருவாளான்னுதான் தெரியல."