சார், ஸ்டாப் வந்துருச்சு!

விசிலக்காவைத் தெரியாதவர் அந்த பஸ் ரூட்டிலேயே கிடையாது. கண்டக்டர் வேலை. டிக்கெட் கிழிப்பதில் சுமார்தான். அசந்து தூங்குகிறவர்களை அவரவர் ஸ்டாப்பில் எழுப்பி இறக்கிவிடுவதில் மகா கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கோர்ட்டில் வம்பை விலைக்கு வாங்கியது.

அவளோடு வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன்மேல் விபத்து வழக்கு. சிவப்பு விளக்கில் பாய்ந்து ஒரு ஸ்கூட்டர்காரரின் காலை உடைத்துவிட்டாராம். நிரூபணமானால் ஜெயில். விளக்கைப் பார்த்த சாட்சி இவள் ஒருத்திதான். கூண்டில் நின்று இவள் சொல்லச் சொல்ல, நீதிபதி அதைத் தட்டச்சு செய்பவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்ட மயக்க வேளை.

"விளக்கு பச்சையாத்தான் இருந்துச்சு" என்றாள். தட்டச்சுச் சத்தத்தைக் காணோம். நிமிர்ந்தால், ஐயா கண்ணசந்திருக்கிறார். இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா, வாய் முந்திக்கொண்டது.

"சார், ஸ்டாப் வந்துருச்சு, எந்திரிங்க!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. முகம் சிவந்த நீதிபதி விசாரணையை நிறுத்தி, நீதிமன்ற அவமதிப்பு என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். தண்டனை விழுந்தால் இவள் வேலைக்கே உலை.

"ஐயா தூங்கல, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வரி எழுதி மன்னிப்புக் கேட்டுடுங்கக்கா" என்று கெஞ்சினார் அவளுடைய வக்கீல். புருஷனும் ஒத்து ஊதினார்.

"கத்தினதுக்கு நூறு தடவ மன்னிப்புக் கேக்கறேன். ஐயா தூங்கலன்னு நானே எழுதிக் குடுத்து, பச்சைங்கறது தட்டச்சுத் தாள்ல இல்லன்னா, நான் சொல்லவே இல்லன்னுதானே அர்த்தம்? அண்ணன் உள்ள போயிடுவாரே!"

அவமதிப்பு விசாரணை நாளில் அவள் மறுபடி கூண்டில் ஏறினாள்.

"நான் தூங்கினேனாம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

கறுப்புக் கோட்டுகள் எல்லாம் தரையைப் பார்த்தன.

"தூங்கினீங்கய்யா. கத்தினது தப்பு, மன்னிச்சிருங்க. எழுப்பினது தப்பில்ல."

நீதிபதி பழைய சாட்சியத் தாளை எடுத்துப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. அதைப் படித்தவரின் மீசைக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அப்போ நான் எறங்கியிருக்க வேண்டிய ஸ்டாப் எது?"

"பச்சை விளக்குங்கய்யா."

"அவமதிப்பு நோட்டீஸ் ரத்து" என்றவர், தட்டச்சு செய்பவர் பக்கம் திரும்பினார். "விளக்கு பச்சையாக இருந்தது. இதை அடிங்க, முதல்ல."

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவர் அண்ணன் அங்கேயே குலுங்கி அழுதார். விசிலக்கா அவரோடு கோர்ட் வாசலைத் தாண்டும்வரை வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நடந்தாள். தெருவில் கால் வைத்ததும் இடுப்பிலிருந்து விசிலை எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்க இரண்டு ஊதல் ஊதினாள்.

"ரைட், போலாம்ண்ணே!"